எரியும் காலும் இரவு ஷிப்டும்

(நீரிழிவுள்ளோரின் நாள்பட்ட வலி குறித்து ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



நீரிழிவு பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். உணவு, நடைப்பயிற்சி, மாத்திரை என்று பேசுவதே வழக்கம். அதைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நீரிழிவுள்ளவர்களை விடாமல் துரத்தும் வலி. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரையைக் குறைப்பது ஒரு வைத்தியம், வலிக்குப் பார்ப்பது வேறொரு வைத்தியம். முதலாவது இந்த வட்டாரத்தில் ஓரளவு நடக்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலோர் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ளும் எங்களில் சிலரும் மருந்துச்சீட்டோடு நிறுத்திவிடுகிறோம். வலிக்காரர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், எந்த ஷிப்ட், காலில் என்ன ஷூ என்று கேட்காமல் எழுதிய சீட்டு பாதி வேலைதான் செய்யும். சில நேரம் ஆபத்தையும் கொண்டுவரும். இதை ஆறு கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. வட்டாரத்துக்கு வயதாகிறது

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களைப் பார்ப்பவர்கள் இதை இளைஞர்களின் ஊர் என்பார்கள். பாதி உண்மை. ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் இருபதுகளில் இருக்கிறார்கள். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். ஐ.டி.ஐ. முடித்து 22 வயதில் அன்று வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கிறார். 2006இல் நோக்கியா ஆலையில் சேர்ந்து, 2014இல் அது மூடியபின் வேறு மின்னணு ஆலைகளுக்குப் போன பெண்கள் நாற்பதைத் தொடுகிறார்கள். 2010இல் ரெனோ-நிஸான் ஒரகடத்தில் தொடங்கியபோது வந்தவர்களுக்கும் முப்பத்தைந்து, நாற்பது ஆகிவிட்டது.

நம் மக்களுக்கு நீரிழிவு ஐரோப்பியர்களைவிட ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இருக்கிறது என்றும் அது கணக்கிட்டது. சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வு நீரிழிவுள்ளவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பைக் கண்டது; நால்வரில் ஒருவருக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் 25 ஆண்டு லைனில் நின்ற கால்களோடு சேர்த்துப் பாருங்கள். இந்த வட்டாரத்தின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் வலிக்கும் வயதுக்குள் ஒன்றாக நுழைந்துகொண்டிருக்கிறார்கள்.

2. "கால் வலி டாக்டர்" என்பதற்குள் என்னென்ன

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து "கால் வலி" என்கிறார். "சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அவருக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நோய்களை மூடி மறைத்துவிடுகிறது. அவரைப் பேசவிட வேண்டும். நரம்பு வலிக்காரர் பேசும் பேச்சே தனி. "எரியுது", "ஊசி ஊசியா குத்துது", "எறும்பு ஊருற மாதிரி இருக்கு", "பஞ்சு மேல நடக்குறாப்பல இருக்கு", "போர்வை பட்டாலே தாங்கல". இரண்டு காலிலும் இருக்கும், விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட அளவுக்கு ஏறும், படுத்தபிறகு கூடும். உடலிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. நீண்ட நரம்பே முதலில் கெடுகிறது. அதனால்தான் கால்விரலில் ஆரம்பம்.

இதே மனிதர், "கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா விட்டுடுது" என்றால் அது வேறு கதை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அவருக்கு நரம்பு மாத்திரை கொடுத்து அனுப்பினால் காலை இழக்க வழி செய்தவர்கள் ஆவோம். ஒரு பக்கம் மட்டும் இடுப்பிலிருந்து மின்னல்போல இறங்கினால் முதுகுத்தட்டு. மெட்ஃபார்மின் பல ஆண்டாகச் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்தாலும் கால் எரியும். தினமும் குடிப்பவருக்கு மதுவே நரம்பைக் கெடுக்கும். தேமலும் தடித்த நரம்பும் இருந்தால் தொழுநோயைத் தேட வேண்டும். அது நம் மாவட்டங்களைவிட்டு முற்றாகப் போய்விடவில்லை.

காலை விடுங்கள், தோளுக்கு வருவோம். நீரிழிவுள்ளவர்களுக்குத் தோள் மூட்டு இறுகும் நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முதலில் இரவில் வலி; பிறகு கை மேலே போகாது; மாதக்கணக்கில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகூட ஆகித்தான் விடும். வண்டியின் அடிப்பாகத்தில் வேலை பார்ப்பவர் கையைத் தலைக்கு மேல் தூக்கியே நாள் முழுதும் போல்ட் முடுக்குகிறார். அவருக்கு இது வந்தால் அன்றாட உற்பத்திக் கணக்கு உடனே அடிபடும், சூப்பர்வைசர் "நடிக்கிறான்" என்பார். மின்னணு ஆலையில் சிறு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கும் பெண்களுக்கு மணிக்கட்டு நரம்பு நசுங்கி நடுராத்திரி கை மதமதத்து எழுப்பும். விரல் மடங்கி நிற்கும். நிமிர்த்தினால் டக்கென்று சொடுக்கும்.

இப்போதே எல்லோரும் கைகூப்புங்கள். இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் அடி முதல் நுனிவரை ஒட்டுகின்றனவா? முழங்கையை உயர்த்தி நன்றாக அழுத்திப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சந்து விழுகிறவர்கள் கூட்டம் முடிந்து என்னைப் பாருங்கள். நீரிழிவில் தோலும் தசைநாரும் தடித்து இறுகுவதைக் காட்ட இவ்வளவே போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, வீங்கியிருக்கிறது, வலி அதிகமில்லை, ஆள் நடந்தே வந்துவிட்டார். சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பாதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்று பெயர். அந்தக் காலை அன்றே தரையில் ஊன்றவிடாமல் செய்தால் பாதம் பிழைக்கும். நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவே உடைந்து தட்டையாகிவிடலாம்.

3. மரத்த காலில் வலி

எல்லோரையும் குழப்பும் இடம் இதுதான். ஒருவர் கால் எரிச்சலால் தூங்கவில்லை என்று வந்தார். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியில், உணர்ச்சியைச் சோதிக்கும் பத்து கிராம் நைலான் இழையை வைத்து அது வளையும்வரை அழுத்தினேன். பிறகு மூன்றாம் விரல், பிறகு பாதத்தின் முன்மேடு. "ஆரம்பிங்க டாக்டர்" என்றார். மூன்று இடம் முடிந்திருந்தது. கழற்றி வைத்த ஷூவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு வாஷர் விழுந்தது. பாதத்தில் அதன் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. அன்று காலை ஆறு மணியிலிருந்து அதன் மேல் நின்றிருக்கிறார். இரவில் போர்வை பட்டால் துடிக்கும் அதே கால்.

லைனில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். சென்சார் பழுதானால் பாகம் வராமலே அலாரம் அடிக்கும். பாகம் வந்தபோது அடிக்காது. கெட்டுப்போகும் நரம்பும் இரண்டையும் செய்கிறது. ஆகவே வலிக்கிற காலைப் பார்த்து "உணர்ச்சி இருக்கு, நல்லதுதான்" என்று தேறுதல் சொல்லக் கூடாது. எரிச்சல் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று மகிழவும் கூடாது. நரம்பு முழுதாகச் செத்தாலும் எரிச்சல் நிற்கும்.

இந்த அறிவு நமக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்த மண்ணில் நின்று சொல்லாமல் போக முடியாது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். அவர் அவர்களோடு இருந்து பார்த்தார். சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் சூட்டிலும் முள்ளிலும் கல்லிலும் அடிபட்டு, அடிபட்டதே தெரியாமல் அதே காலில் நடந்து, புண் ஆழமாகிறது என்று கண்டார். அதிலிருந்து பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு, தினமும் பாதம் பார்க்கும் பழக்கம், புண்ணுள்ள காலுக்குச் சுமை தராமல் கட்டும் மாவுக்கட்டு ஆகியவை பரவின. 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவுக்காரர்களின் காலைப் பார்த்ததும், வேலூரில் கற்றது அவர்களுக்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குச் செய்யும் பராமரிப்பின் அடித்தளம் தொழுநோயாளிகளின் பாதங்களிலிருந்து கற்றது. நாம் பயன்படுத்தும் பத்து கிராம் இழையும் கார்வில் ஆய்வுகள் வழியாக வந்ததுதான்.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனால் திருமணி. மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் அங்கே இருக்கிறது. உணர்விழந்த பாதத்தைப் பார்க்கவும் அதற்கேற்ற செருப்பு செய்யவும் தெரிந்த இடம். நம் ஆலைகளிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. ஆலை மருத்துவ அறைச் செவிலியர்களை இரண்டு நாள் அங்கு அனுப்பிப் பயிற்சி வாங்கித் தர ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு நெடுநாள் வருத்தம்.

4. "இரவு ஒன்று" என்றால் எந்த இரவு?

வலி மருந்து என்றால் இங்கே டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக். மெடிக்கலில் "கால்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் கிடைத்துவிடுகிறது. இவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை. நரம்பு வலியை அநேகமாகத் தொடுவதில்லை. ஆனால் சிறுநீரகத்தைத் தொடும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே நீரிழிவால் சிறுநீரில் புரதம் போகும் ஒருவர், ஓவர்டைம் பார்ப்பதற்காகத் தினம் இரண்டு போட்டுக்கொண்டால் சில ஆண்டுகளில் டயாலிசிஸ் கட்டிலுக்குப் போகக்கூடும். இன்னொன்று "நரம்பு ஊசி". பி12 குறைந்தவருக்கு அது உயிர் கொடுக்கும். குறையாதவருக்கு அந்த ஊசியால் வலி போகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஊசி போடுவதற்கு முன் அளவைப் பார்த்துவிடலாம்.

நரம்பு வலிக்கென்று நிரூபணமான மருந்துகள் சில இருக்கின்றன: அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபாலின், காபாபென்டின். எது சிறந்தது என்று நெடுநாள் வாதம் நடந்தது. இங்கிலாந்தில் நடந்து 2022இல் லான்செட் இதழில் வெளியான ஆப்ஷன்-டிஎம் ஆய்வு 130 பேரிடம் முதல் மூன்றையும் வெவ்வேறு வரிசையில், தேவைப்பட்டால் இரண்டை இணைத்துக் கொடுத்துப் பார்த்தது. மூன்று வழியிலும் பலன் ஒன்றாகவே இருந்தது. பத்துக்கு 6.6 என்றிருந்த வலி 16 வாரத்தில் 3.3க்கு இறங்கியது. ஒரு மருந்து மட்டும் போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தது உதவியது. இந்த எண்ணை நான் நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பாதியாகக் குறையும், முழுதாகப் போகாது, சில வாரம் ஆகும். சொல்லாவிட்டால் நாலாம் நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு டாக்டரிடம் போவார்கள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

இனி சீட்டுக்கு வருவோம். 0-0-1 என்று எழுதுகிறோம். காலை இல்லை, மதியம் இல்லை, இரவு ஒன்று. வீட்டில் அம்மாவோ மனைவியோ இரவுச் சாப்பாட்டோடு தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைக்கிறார்கள். அந்த வாரம் அவருக்கு சி ஷிப்ட், அதாவது இரவு வேலை. சாப்பிட்டு, மாத்திரை போட்டு, கம்பெனி பஸ் ஏறி, நள்ளிரவில் ப்ரெஸ் மெஷின் முன் நிற்கிறார். அமிட்ரிப்டிலினும் பிரிகாபாலினும் தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்துகள். அந்தச் சீட்டை எழுதிய நமக்கு அவருடைய ஷிப்ட் தெரியாது. அவரிடம் "தூங்கப் போகும்போது" என்று சொல்லவும் இல்லை. ஒரு வாரம் ஏ, ஒரு வாரம் பி, ஒரு வாரம் சி என்று சுழலும் இந்த ஊரில் இரவு என்று சீட்டில் எழுதுவதற்குப் பொருளே இல்லை. "நீங்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்" என்று வாயால் சொல்லி, தமிழில் எழுதித் தர வேண்டும். ஃபோர்க்லிஃப்ட், கிரேன், ப்ரெஸ் ஓட்டுபவர்களுக்கு முதல் மாத்திரையை வாரவிடுப்புக்கு முந்தைய தூக்கத்தில் தொடங்கச் சொல்கிறேன். மயக்கம் எப்படி என்று அவரே ஒருநாள் பார்த்துக்கொள்ளட்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு டுலாக்சிடின் பல நேரம் ஒத்துப்போகிறது. குமட்டலும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பிரிகாபாலின் அளவைக் குறைக்க வேண்டும். எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். பெரிய பங்கு உண்டு, வருமுன் காப்பதில். 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வில், முதல் வகை நீரிழிவில் கடுமையான கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறக்குறைய 60 விழுக்காடு குறைத்தது. இரண்டாம் வகையில் அந்தப் பலன் மிகவும் குறைவு. வந்துவிட்ட வலியை அது மட்டும் தீர்ப்பதில்லை. இன்னும் ஒன்று. பல ஆண்டு கவனிக்காமல் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 12, 13 என்று வந்தவருக்கு இன்சுலின் போட்டு மூன்று மாதத்தில் எட்டுக்கு இறக்கினால், அதனாலேயே கடும் எரிச்சல் கிளம்பலாம். "இன்சுலின் போட்டதுலதான் கால் போச்சு" என்று அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. அவரைத் திட்டாமல் இது தற்காலிகம், பெரும்பாலும் அடங்கிவிடும், இன்சுலினை நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் நம்மைவிட்டுப் போகமாட்டார்.

5. ஷூ, ஸ்டூல், கிரிவலம்

உணர்விழந்த பாதத்துக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு எழுதித் தருகிறோம். நல்ல செருப்பு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஆலைக்குள் நுழைய முடியாது. கேட்டிலேயே பாதுகாப்பு ஷூ கேட்பார்கள், கேட்பதும் சரி. ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் பாதி அவர் காலில் இருப்பது இரும்பு முகப்பு வைத்த கனத்த ஷூதான். காலையில் அளவெடுத்துக் கொடுத்த ஷூ, நின்று வீங்கிய மாலைக் காலுக்கு இறுக்கும். சுண்டுவிரல் ஓரத்தில் தேயும். அவருக்குத் தெரியாது. சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகு தெரியும்.

தேவையானது விலை அதிகமில்லாத ஒரு மாற்றம். உள்ளே ஆழம் கூடிய பாதுகாப்பு ஷூவும், அதற்குள் போட மெத்தென்ற ரப்பர் இன்சோலும், மாற்றி மாற்றிப் போட இரண்டாவது ஜோடியும். இழைச் சோதனையில் தவறியவர்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். இதை யார் கேட்பது? சர்க்கரை டாக்டருக்கு ஷூ விவரம் தெரியாது. பாதுகாப்பு அதிகாரிக்குச் சர்க்கரை விவரம் தெரியாது. நடுவில் கால் இருக்கிறது.

நிற்பது பற்றி. நின்றே வேலை செய்யவேண்டிய தொழிலாளர்களுக்கு, வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு எழுதிவைத்தது. 2021இல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. லைன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கேட்பது புதிய கோரிக்கை இல்லை. அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

வீட்டுப் பழக்கங்களும் உண்டு. கால் வலிக்கிறது என்று அண்டாவில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டு முக்குவது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. உணர்விழந்த கால் அந்தச் சூட்டில் வெந்துபோவது தெரியாது. முக்கத்தான் வேண்டுமென்றால் வீட்டில் உணர்வுள்ள ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். இந்த வட்டாரத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். பௌர்ணமிக்குப் போய் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் வலம் வருகிறார்கள். பக்தியைத் தடுக்க நான் யார்? பாதத்தில் இழை தெரியாதவர்கள் வெயில் இறங்கித் தரை ஆறியபின் தொடங்குங்கள்; முடிந்ததும் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்; கொப்புளம் இருந்தால் உடைக்காமல் வந்து காட்டுங்கள். அருணாசலேஸ்வரர் செருப்பு போட்ட பக்தரைக் கோபிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதையும் சொல்லிப் பார்க்கிறேன், சிலர் கேட்கிறார்கள்.

6. செலவும் பயமும்

இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு மாதச் சம்பள வரம்பு 2017 முதல் 21,000 ரூபாய். இதனால் இங்கே ஒரு விசித்திரமான நிலை. இருபது ஆண்டு அனுபவமுள்ள நிரந்தரத் தொழிலாளி, நீரிழிவும் வலியும் உள்ளவர், சம்பளம் கூடியதால் இ.எஸ்.ஐ.யைவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு நிறுவனத்தின் குழுக் காப்பீடு இருக்கிறது. அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் கொடுக்கும். மாதாமாதம் வாங்கும் நரம்பு மாத்திரைக்கும் இன்சோலுக்கும் பிசியோதெரபிக்கும் கொடுப்பதில்லை. காலை எடுக்கும் அறுவைக்குப் பணம் வரும். காலைக் காப்பாற்றும் செருப்புக்கு வராது. இன்னொரு பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள். ஆனால் அதற்குப் பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தம் விட்டு விட்டு வருபவருக்கு அது எட்டாமல் போகிறது.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரையைக் கொண்டுவருகிறது. அது பெரிய காரியம். அதைப் பணியிடத்துக்கு நீட்டி 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது. நீரிழிவுப் பாதத்துக்காகப் பாதம் பாதுகாப்போம் திட்டமும் இருக்கிறது. ஆலைக்குள் வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அந்தக் குழு, ஷூவைக் கழற்றச் சொல்லி ஒரு நிமிடம் காலையும் பார்த்து, "வலி இருக்கா, எத்தனை, தூங்குறீங்களா" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்று ஆலைப் பதிவேட்டில் சர்க்கரைக்குக் கட்டம் இருக்கிறது, அழுத்தத்துக்கு இருக்கிறது, கண்ணுக்கு இருக்கிறது. வலிக்கு இல்லை. கட்டம் இல்லாததை யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் சொல்வார்களா? "சுகர்னு கார்டுல எழுதாதீங்க டாக்டர், காண்ட்ராக்ட் ரினியூ பண்ண மாட்டாங்க" என்று என்னிடம் கெஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். வலியைச் சொன்னால் டிமிக்கி என்பார்கள், நோயைச் சொன்னால் வேலை போகும். இரண்டுக்கும் பயந்து மறைப்பவர், மெடிக்கலில் செட் வாங்கிச் சாப்பிட்டு நிற்கிறார். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. ஆலை நிர்வாகத்தாரிடம் நான் கேட்பது: வலிப் பதிவு மருத்துவ அறைக்குள்ளேயே இருக்கட்டும், மனிதவளத் துறைக்குப் போகவேண்டாம். அங்கிருந்து வெளியே போகவேண்டியது ஒரு வரிதான். இவருக்கு உட்காரும் வேலை, அல்லது மூன்று மாதத்துக்கு இரவு ஷிப்ட் வேண்டாம், அல்லது இந்த அளவில் ஷூ. காரணம் எழுதத் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தப் பேச்சில் வெளிநோயாளி மருந்துச் செலவைக் காப்பீட்டுக்குள் கொண்டுவரக் கேட்க வேண்டும். இது எனக்கு மருத்துவக் கோரிக்கையாகவே படுகிறது.

வாசல் மேசையில் நைலான் இழைகளும், ஒரு பக்கக் கேள்வித்தாளும் வைத்திருக்கிறேன். தாள் தமிழில் இருக்கிறது. வடமாநிலத் தோழர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டிருக்கிறோம். எட்டுக் கேள்வி, வலி எங்கே என்று வட்டம் போட ஓர் உருவப் படம், இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று எழுத ஓர் இடம். ஆலைச் செவிலியர்கள் ஆளுக்கு ஓர் இழையும் ஐம்பது தாளும் எடுத்துச் செல்லுங்கள். இழையை ஒரே நாளில் பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தினால் தளர்ந்துவிடும். ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுபடி எடுங்கள்.